தாவினாரா, தஞ்சம் புகுந்தாரா?

"1967இல் ஸ்டாலினின் மகள் டெல்லியில் பழுதடைந்தார்."

எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் ஒரு பெண் தன் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள். தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற வகுப்பு அது. உலக வரலாற்றுப் பாடத்தில் சோவியத் தலைவர் ஸ்டாலினின் மகளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தேன். அதில் 'டிஃபெக்ட்' என்ற வினைச்சொல் வந்தது, தன் தரப்பை விட்டு எதிர்த்தரப்பில் போய்ச் சேர்வது என்ற பொருளில். அவளுடைய அப்பா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சரக்குப் பிரிக்கிறார். அந்த வீட்டில் 'டிபெக்ட் பீஸ்' என்பது அன்றாடச் சொல். சாயம் சரியாக ஏறாத துணி, நூல் இழுத்த துணி. ஆகவே பழுதடைந்தார் என்று எழுதிவிட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகளுக்காக ஒரு சொல் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு வரி, அவ்வளவுதான் இடம். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலம் எழுத்தராக இருந்த அக்கா, 'கட்சித் தாவல்' என்றார். வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், 'அணி மாறுதல்' என்றார். நான் எதையும் சொல்லாமல் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் எடைபோட்டுப் பார்த்ததுதான் இது.

முதலில் அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவள் எழுதியது தவறான மொழிபெயர்ப்பு, ஆனால் வேரில் அவள் சொன்னது தவறில்லை. துணியில் இருக்கிற டிபெக்டும், நாட்டை விட்டு எதிர்நாட்டுக்குப் போகிறவரின் டிஃபெக்டும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை: 'டெஃபிக்கேரெ'. 'ஃபாக்கேரெ' என்றால் செய்தல். முன்னால் 'டெ' சேர்ந்தால் விலகிப்போதல், குறைந்துபோதல், கைவிடுதல். வரவு செலவில் துண்டு விழுவதைச் சொல்லும் 'டெஃபிசிட்' என்பதும் இதன் பிள்ளைதான்.

ரோமானியர்கள் இந்தச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தங்களுக்கு அடங்கி நட்பாக இருந்த ஓர் இனம் எதிர்த்து எழுந்தால் அதற்கு 'டெஃபெக்தியோ' என்று பெயர். கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) மக்கள் விலகிப்போனதைச் சீசர் இப்படித்தான் எழுதுகிறார். சூரிய கிரகணத்துக்கும் அவர்களிடம் இதே குடும்பச் சொல் உண்டு: சூரியனின் 'டெஃபெக்துஸ்', அதாவது சூரியன் குறைந்துபோனது. கிரேக்கர்களின் 'எக்லிப்ஸிஸ்' என்பதும் கைவிட்டுப் போதல்தான். நமக்குக் கிரகணம் என்றால் பிடித்தல். பாம்பு பிடித்தது என்கிறோம், சூரியன் மேல் குற்றம் இல்லை. அவர்களுக்கோ சூரியனே தன் இடத்தை விட்டுப் போய்விட்டது.

ஆக, 'டிஃபெக்ட்' என்பது விடப்பட்டவரின் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுதப்பட்ட சொல். போனவர் எங்கே போனார், ஏன் போனார் என்பது அதில் இல்லை. நம் கணக்கில் ஒரு ஆள் குறைகிறார், அதுதான் அதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு கேள்வி தெளிவானது. தமிழில் நாம் தேர்ந்தெடுக்கும் சொல் யார் பக்கம் நின்று பேசுகிறது?

கட்சித் தாவலை எடுத்துக்கொள்வோம். அக்காவின் வாதம் வலுவானது. செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல். 'கட்சித் தாவல் தடைச் சட்டம்' என்றுதான் எழுதுகிறோம். தேர்வில் அரசியலமைப்புப் பாடத்தில் நிச்சயம் வரும். 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாக இந்தச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்ந்தது. அதற்கு விதை 1967க்குப் பிறகு வட மாநிலங்களில் விழுந்தது. அந்த ஆண்டில் அரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை இங்கும் அங்குமாக மாற, 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற பேச்சே பிறந்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே 'தாவல்' என்ற சொல் சரியாகப் பொருந்தவில்லை. கட்சியில் இருந்துகொண்டே கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி போகும். இருக்கிற நாற்காலியை விட்டு ஓர் அங்குலம்கூட நகராத தாவல் அது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் அது தாவலே இல்லை, இணைப்பு. முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தாலே 'பிளவு' என்று விட்டுவிட்டார்கள், 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை. 2017 ஆகஸ்டில் ஆளுநரிடம் முதலமைச்சருக்கு எதிராக மனுக் கொடுத்த அதிமுக உறுப்பினர்களில் 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். அதில் பெரம்பூர் உறுப்பினர் வெற்றிவேலும் ஒருவர். 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரலில் பெரம்பூர் மக்கள் மறுபடி வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த 18 பேரும் அப்போது வேறு கட்சியில் சேரவில்லை என்பதுதான் அவர்கள் தரப்பு வாதமே. தாவினார்களா, உள்ளேயே இருந்து எதிர்த்தார்களா? நீதிமன்றமே ஒரு வருடத்துக்கு மேல் ஆராய வேண்டியிருந்த கேள்விக்கு, 'தாவல்' என்ற சொல் வாய் திறந்தவுடனே பதில் சொல்லிவிடுகிறது. கிளைக்குக் கிளை தாவும் குரங்கு அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதை அக்காவிடம் சொன்னேன். "சட்டத்துக்கு வேற சொல்லு போட முடியாதுப்பா. பழகிடுச்சு" என்றார். உண்மைதான். சட்டம் வருகிற இடத்தில் அதுவே இருக்கட்டும். ஆனால் அதைப் பொதுச் சொல்லாக வைத்தால் என்ன ஆகும்? 1961 ஜூனில் பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் சோவியத் நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியேவ் தன்னை மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பிரெஞ்சுக் காவலர்களிடம் போய் நின்றார். வயது 23. அவர் 'கட்சி தாவினார்' என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் மதிப்பெண் போகும். 1976 செப்டம்பரில் விக்டர் பெலென்கோ என்ற விமானி மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹக்கோடாத்தேயில் போய் இறங்கினார். அதுவும் கட்சித் தாவல் இல்லை.

கட்சி என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கப் பாட்டில் வரும் 'கட்சி' வேறு. பறவையின் கூடு, விலங்கு தங்கும் இடம், காடு என்றெல்லாம் அதற்குப் பொருள். இன்றைய அரசியல் கட்சி, பக்கம் என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. ஆனாலும் 'கட்சி மாறினார்' என்று கேட்கும்போதெல்லாம் கூடு விட்டுக் கூடு போகும் ஒரு பறவை எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

துரோகம் என்ற சொல்லை நாங்கள் மூவரும் ஒரே குரலில் ஒதுக்கினோம். அது நடந்ததைச் சொல்வதில்லை, அடிபட்டவரின் வலியைச் சொல்கிறது. அந்த வலி உண்மையானது, அதற்கு அந்தச் சொல் வேண்டும். கையேட்டுக்கு வேண்டாம். அதன் பக்கத்திலேயே 'காட்டிக்கொடுத்தல்' இருக்கிறது. ஆங்கிலத்தின் 'ட்ரெய்ட்டர்' லத்தீனில் 'கையளித்தவன்' என்ற பொருளில் பிறந்தது. எங்கோ ரோமில் பிறந்த சொல்லும் நம் வீட்டுச் சொல்லும் ஒரே செயலைப் பார்த்திருக்கின்றன: காட்டியும் கொடுத்தான். ஆனால் காட்டிக்கொடுக்காமலே விலகுகிறவர்கள் உண்டு. நூரியேவ் யாரைக் காட்டிக்கொடுத்தார்?

தெருச் சொற்களையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தோம். 'பல்டி அடிச்சிட்டான்' என்பது சொன்ன சொல்லை மாற்றுவது. சாட்சி பல்டி என்று நீதிமன்றச் செய்தியில் வருகிறதே, அது. 'ஜகா வாங்கிட்டான்' என்பது பின்வாங்குவது, எதிர்ப்பக்கம் சேர்வது அதில் இல்லை. 'கழண்டுக்கினான்' என்பது மூன்றிலும் நல்ல சொல். படையை விட்டு ஓடுவதைச் சொல்லும் ஆங்கில 'டெஸர்ட்' லத்தீனில் 'பிணைப்பை அவிழ்த்தல்' என்ற பொருளில் வந்தது, நம் பேட்டைச் சொல் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் கழண்டவன் எங்கே போனான் என்று அதுவும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் என் தாத்தா நினைவுக்கு வந்தார். குத்துச்சண்டைப் பித்து அவருக்கு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று வட சென்னை முழுக்கக் கை ஓங்கிய காலத்தைப் பார்த்தவர். ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவன் இன்னொரு பக்கம் போய் நின்று குத்தினால் அவர் அதைச் சொல்லும் விதம் ஒன்றே ஒன்று: "வாத்தியார வுட்டுட்டான்." தாவினான் என்றோ துரோகி என்றோ அவர் சொல்லிக் கேட்டதில்லை. யாரை விட்டான் என்பதுதான் அவருக்குப் பெரிது. அந்த 'வுட்டுட்டான்' என்ற ஒரு சொல்லில் கற்றுக்கொடுத்தவரின் கையும், போட்ட சோறும், விடியற்காலை ஓட்டமும் எல்லாம் இருக்கும். விடுதல் இல்லாமல் இந்தச் செயலுக்கு எடை இல்லை என்று எனக்குப் புரிந்தது அவரால்தான்.

அப்படியானால் 'பற்று விடுதல்' என்று வைக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க மனசு இழுத்தது. பற்று என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! நாட்டுப் பற்று, மொழிப் பற்று. பிடித்துக்கொண்டிருத்தல் என்ற உடல் செயலே அதில் இருக்கிறது. ஆனால் தமிழில் பற்று விட்டவர் துறவி. 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று தொடங்கும் குறள் 'பற்று விடற்கு' என்று முடிகிறது. நம் மரபில் அது உயர்ந்த நிலை. எதிரி நாட்டு ஓடுபாதையில் போர் விமானத்தை இறக்கியவரையும் வீடுபேறு தேடுகிறவரையும் ஒரே சொல்லில் கட்ட முடியாது. வருத்தத்தோடுதான் விட்டேன்.

'மறுதலித்தல்' இன்னொன்று. இதற்கும் ராயபுரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராயப்பர் என்பது இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர். ராயபுரம் என்ற பெயரே அங்குள்ள ராயப்பர் கோயிலால் வந்தது என்று அந்தப் பகுதியில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். சேவல் கூவுமுன் மூன்று முறை தன் குருவைத் தெரியாது என்று சொன்னவர் அவர். தமிழ் விவிலியம் அதற்கு வைத்த சொல் மறுதலித்தல். யூதாஸுக்குக் 'காட்டிக்கொடுத்தவன்', பேதுருவுக்கு 'மறுதலித்தவர்'. ஒரே இரவில் இரண்டு பேர் கைவிடுகிறார்கள், இரண்டு செயலுக்கும் வேறு வேறு சொல். எவ்வளவு கவனமான மொழிபெயர்ப்பு! ஆங்கில 'ரெனிகேட்' என்பதன் வேரும் மறுத்தல்தான். கிறித்தவத்தை விட்டு இஸ்லாத்தைத் தழுவியவர்களை ஸ்பானியர்கள் அழைத்த சொல்லிலிருந்து வந்தது. ஆனால் மறுதலித்தல் நம்பிக்கை சார்ந்தது, வாயால் நடப்பது. பேதுரு எதிர்ப்பக்கம் சேரவில்லை. வெளியே போய் அழுதார், திரும்பி வந்தார். சமயத்தை விட்டவர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் உதவும், பொதுவாக ஆகாது.

இனி 'தஞ்சம் புகுதல்', 'அடைக்கலம்'. இவை எதிர்த் திண்ணையிலிருந்து பேசுகிற சொற்கள். விட்டுவந்த வீட்டைப் பற்றி இவற்றுக்குக் கவலை இல்லை, வந்து நின்ற வாசலைப் பற்றித்தான் பேச்சு. கம்பராமாயணத்தில் வீடணன் இலங்கையை விட்டு இராமனிடம் வந்து சேர்கிற பகுதிக்கு 'அடைக்கலப் படலம்' என்று பெயர். அதே செயலைத்தான் இந்திரசித்து இலங்கையின் பக்கம் நின்று பழிக்கிறான். இரண்டுக்கும் நடுவில் கும்பகருணன் நிற்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்கும் தெரியும். வா என்று தம்பியே போர்க்களத்தில் வந்து கூப்பிடுகிறான். தன்னை நெடுநாள் வளர்த்து, போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு 'உயிர்கொடாது அங்குப் போகேன்' என்கிறான். தம்பியை ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. நீ அங்கேயே இரு, அதுதான் உனக்கு நல்லது என்கிறான். இந்தப் பாட்டை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். போனவனும் சரி, போகாதவனும் சரி என்று ஒரே இடத்தில் நிற்க வைத்த கவிஞனுக்கு, அந்தச் செயலை ஏசும் சொல்லோ புகழும் சொல்லோ அவ்விடத்தில் தேவைப்படவில்லை. 'போகேன்' என்ற எளிய வினை போதுமாயிருந்தது.

மாஸ்டரின் 'அணி மாறுதல்' நல்ல சொல்தான், அதில் பழி இல்லை. ஆனால் அவருடைய சொந்த அனுபவமே அதற்கு எதிராகப் போயிற்று. "போன வருஷம் நம்மகிட்ட ஆடின பையன் இந்த வருஷம் வேற கிளப்புல ஆடுறான். அவங்கிட்ட கோபமா மாஸ்டர்?" என்று கேட்டேன். "எதுக்கு சார் கோபம்? முறைப்படி சொல்லிட்டுத்தான் போனான். ஞாயித்துக்கிழமை வந்து பசங்களோட ஆடிட்டுப் போறான்" என்றார். அதுதான் விஷயம். அணி மாறுவது விளையாட்டில் விடைபெற்றுக்கொண்டு போவது. அங்கே பகை இல்லை, திரும்பி வரும் வழி அடைபடுவதும் இல்லை.

பக்கத்து மொழிகளையும் கேட்டுப் பார்த்தோம். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு. கட்சி மாறுவதை அவர்கள் 'ஃபிராயிம்பு' என்கிறார்கள். திரும்பிக்கொள்ளுதல், சட்டையைத் திருப்பிப் போட்டவன் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. கன்னடத்தில் 'பக்ஷாந்தர', பக்கம் விட்டுப் பக்கம். மலையாளத்தில் 'கூறுமாற்றம்', கூறு என்றால் அங்கே விசுவாசம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் தமிழில் கூறு என்றால் பங்கு, துண்டு. காசிமேட்டில் மீனைக் கூறு கட்டி வைப்பார்கள். 'கூறு மாறினார்' என்றால் நம் பிள்ளைகளுக்கு வேறு ஏதோ தோன்றும். ரஷ்யர்கள் இப்படிப் போனவர்களை 'திரும்பி வராதவர்' என்ற பொருள்படும் ஒரு சொல்லால் அழைத்தார்கள். வாசலில் நின்று வழி பார்க்கிற சொல் அது.

கடைசியில் நான் சொன்னது 'பக்கம் மாறுதல்'. கன்னடத்தில் இருக்கிற அதே 'பக்ஷம்'தான் தமிழில் பக்கமும் பட்சமும் ஆனது, இறக்கை என்றும் அதற்குப் பொருள். தாத்தா காலத்தில் 'அவன் பட்சம் போயிட்டான்' என்பார்கள். இன்றைக்குப் பசங்க 'சைடு மாறிட்டான்' என்கிறார்கள், அதே பொருள். இரண்டு தரப்பு எதிரெதிரே நின்றால்தான் பக்கம் மாற முடியும், ஆகவே பகை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மாறுவதில் விடுவதும் சேர்வதும் இரண்டும் இருக்கின்றன. குரங்கு இல்லை, சாபமும் இல்லை. மீன் விற்கிற அக்காவும் சொல்வார், நீதிபதியும் எழுதலாம். குறை ஒன்று உண்டு. தாத்தாவின் 'வுட்டுட்டான்' தரும் எடை இதில் இல்லை. அந்த எடையை விளக்க வரியில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்: "பக்கம் மாறுதல்: பற்று வைத்திருந்த தரப்பை விட்டு அதன் எதிர்த்தரப்பில் சேர்தல், சட்டமன்றத்தில், கட்சித் தாவல்." அக்காவும் ஒப்புக்கொண்டார். மாஸ்டர் மட்டும் 'பற்று' என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா தன் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியைக் கரைக்க இந்தியாவுக்கு வந்தவர். 1967 மார்ச் 6 அன்று டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்த் தஞ்சம் கேட்டார். அங்கிருந்து ரோம், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா. 1984இல் மறுபடி சோவியத் யூனியனுக்கே போனார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பவும் அமெரிக்கா வந்துவிட்டார்.

அவள் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சார், 84ல அவங்க நாட்டுக்கே திரும்பிப் போனாங்களே, அதுக்கு இன்னா சொல்லு?"

தஞ்சம் என்று சொல்ல முடியாது. தாவல் என்றால் மனசு ஒப்பவில்லை. ரஷ்யர்களின் சொல்லும் அன்றைக்குப் பொய்யாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டாரே.

"அதுக்கும் பக்கம் மாறுதல்தாம்மா" என்றேன்.

"86க்கும்?"

"அதுக்கும்."

மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அந்தச் சொல்லை ஒரு முறை மட்டும் பக்கத்தில் எழுதி, அடைப்புக்குறியால் மூன்றையும் சேர்த்துக்கொண்டாள்.